பெல் அடித்தால் மாட்ட வேண்டியது

எங்கள் கம்பெனி வாசலில் என் நாத்தனாரின் படம் மாட்டியிருந்தது. சிறந்த தொழிலாளி என்று மாட்டியிருந்தால், 'போச்சு, இனி இவளை வீட்டில் கையில் பிடிக்க முடியாது' என்று முணுமுணுத்துக்கொண்டே நானும் நின்று பார்த்திருப்பேன். இது அந்த மாதிரிப் படம் இல்லை. அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெரிதாக்கி, பக்கத்தில் கட்டுப் போட்ட கை ஒன்றை வரைந்து, கீழே சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தார்கள்: 'மிஷின் கார்டைக் கழற்றினார். விரல்களை இழந்தார். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.'

பச்சைப் பொய். அதற்குக் கண்ணாடிச் சட்டம் வேறு போட்டிருந்தார்கள்.

அந்தப் படத்துக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் என் வீட்டுக்காரர். கேட்டில் அவர்தான் கார்டு. நீலச் சட்டை, தொப்பி, கழுத்தில் விசில். கம்பெனியில் அவர் பெயர் யாருக்கும் தெரியாது, 'கார்டு' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். படத்தில் இருந்தவள் அவருடைய கூடப்பிறந்த தங்கை. எவ்வளவு வளர்ந்தும் வீட்டில் அவளுக்குப் பெயர் 'பொடிசு'தான். காலையில் வந்து தங்கையின் முகத்துக்குக் கீழே உட்காருவார், வருகிற போகிற வண்டிக்கெல்லாம் சல்யூட் அடிப்பார், சாயங்காலம் எழுந்து வீட்டுக்கு வருவார். எப்படித்தான் இந்த மனுஷனுக்கு முடிகிறதோ என்று எனக்கு வயிறு எரியும்.

நாங்கள் செய்வது டப்பா மூடி. பிஸ்கட் டப்பா, பெயின்ட் டப்பா, பால் பவுடர் டப்பா எல்லாவற்றுக்கும் மூடி எங்களிடமிருந்து போகும். தகட்டை அச்சுக்கு அடியில் வைத்துக் காலால் பெடலை மிதித்தால் மேலிருந்து இரும்பு இறங்கி ஒரே அடி, மூடி தயார். அந்த இரும்புக்குத் தகடும் ஒன்றுதான், விரலும் ஒன்றுதான். அதனால் ஒவ்வொரு மிஷினுக்கும் முன்னால் மாட்ட ஒரு கம்பிக் கூண்டு கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பெயரும் கார்டு. பளிச்சென்று மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கும். அது மாட்டியிருந்தால் கை உள்ளே போகாது. தகட்டை ஒரு தட்டில் வைத்துத் தள்ள வேண்டும், அடித்த மூடியைத் தட்டோடு இழுக்க வேண்டும். வேலை பாதியாகக் குறைந்துவிடும். டார்கெட் மட்டும் இம்மி குறையாது, ஏனென்றால் அதைக் கூண்டு இல்லாத மிஷினுக்குத்தான் போட்டு வைத்திருந்தார்கள். ஆகவே கூண்டுகள் எல்லாம் அவரவர் முதுகுக்குப் பின்னால், சுவரில், கொக்கியில் தொங்கும். வருஷா வருஷம் இறக்கித் தூசி தட்டி, புதுப் பெயின்ட் அடித்து, மறுபடி அதே கொக்கியில் மாட்டுவார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்குத்தான் என் வீட்டுக்காரர். அவர் மேஜைக்கு அடியில் ஒரு பட்டன் உண்டு. இன்ஸ்பெக்டரின் கார் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்ததும் இரண்டு தடவை அழுத்துவார். உள்ளே பெல் இரண்டு தடவை அடிக்கும். எல்லோரும் எழுந்து கூண்டை எடுத்து மிஷினில் மாட்டிவிட்டு, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி உட்கார்ந்துவிட வேண்டும்.

அதற்கு நேரம் வேண்டுமே! அந்த நேரத்தை வாங்கித் தருவதும் இவர் வேலைதான். வந்தவரிடம் பேர் கேட்பார், கையெழுத்துக் கேட்பார், பேனா எழுதவில்லை என்று உதறுவார். பிறகு ஹெல்மெட் எடுத்து, "உங்க பாதுகாப்புக்குத்தான் சார்" என்று சொல்லி அவர் தலையில் வைத்து, தாடைக்குக் கீழே வாரை இழுப்பார், தளர்த்துவார், மறுபடி இழுப்பார். பெற்ற பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போட இந்த மனுஷன் அவ்வளவு பொறுமையாக நின்றதே கிடையாது. வீட்டில் அதை நடித்துக் காட்டுவார். பொடிசு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள், "அண்ணா, இன்னொரு தடவ, இன்னொரு தடவ" என்பாள்.

விபத்து நடந்த அன்று நான் பேக்கிங்கில் இருந்தேன். மூடி அடிக்கிற மிஷின்கள் ஓடும் இடத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். சாப்பாடு முடிந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும், பெல் அடித்தது. அந்தப் பக்கம் வழக்கமான தடபுடல். அதற்கு நடுவில் ஓர் அலறல். குரலைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் ஓடிப் போவதற்குள் சூப்பர்வைசர் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. அவங்கவங்க வேலையப் பாருங்க."

பின்வாசல் வழியாக, மூடிப் பெட்டி ஏற்றுகிற வேனில் அவளை ஏற்றிக்கொண்டு போனார்கள். அதே நேரம் முன்வாசலில் அவள் அண்ணன் இன்ஸ்பெக்டருக்கு ஹெல்மெட் வாரை இழுத்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தபோது தரையைத் துடைத்தாகிவிட்டது. எல்லா மிஷினிலும் மஞ்சள் கூண்டு, அவள் மிஷினிலும். சுற்றிப் பார்த்துவிட்டு, திருப்தி என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் பொடிசு என் கையைத்தான் தேடினாள். அவள் வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. எனக்கும் அவளுக்கும் கல்யாணமான நாளிலிருந்து ஏழாம் பொருத்தம். சோப்புக்குச் சண்டை, சீப்புக்குச் சண்டை, கண்ணாடி முன்னால் யார் முதலில் நிற்பது என்று சண்டை. அன்றைக்குக் கட்டுப் போட்ட அந்தக் கையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"நான் கழட்டல அண்ணி" என்றாள். "மாட்டிக்கிட்டு இருந்தேன்."

ஓடுகிற மிஷினை நிறுத்தி மாட்டலாம்தான். நிறுத்தினால் மறுபடி வேகம் பிடிக்க நேரமாகும், டார்கெட் கெடும். அதனால் ஓட ஓடவே மாட்டச் சொல்லிப் பழக்கியிருந்தார்கள். இடது கையில் கூண்டைத் தாங்கிக்கொண்டு, வலது கையை உள்ளே விட்டுத்தான் உட்புறக் கொக்கியை மாட்ட வேண்டும். அன்று அவசரத்தில் அவள் கால் பெடல் மேலேயே இருந்திருக்கிறது. எட்டி மாட்டும்போது உடம்பின் பாரம் காலில் இறங்கிவிட்டது.

"பெல் அடிச்ச உடனேதான?" என்று கேட்டேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "அண்ணன்கிட்ட சொல்லாதீங்க. அவன் அடிச்ச பெல்லுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டான். என் மேல சத்தியம் பண்ணுங்க அண்ணி."

பண்ணினேன். வேறு என்ன செய்வது?

அண்ணனிடம் கம்பெனி வேறு கதை சொல்லியிருந்தது. சாப்பாட்டுக்கு முன்னாலேயே நடந்துவிட்டது, அவளாகவே கார்டைக் கழற்றிவிட்டு வேலை செய்திருக்கிறாள், எல்லாம் அஜாக்கிரதை. அவளாகவே கழற்றினாளாம்! எல்லாருடைய கூண்டும் சுவரில் தொங்குவது இவருக்குத் தெரியாதா? தெரியும். பெல்லை அடிப்பவரே இவர்தானே. ஆனாலும், "எதுத்துப் பேசினா நம்ம ரெண்டு பேர் வேலையும் போயிடும், விடு" என்றார். நான் விட்டேன். விட்டதை நினைத்து ராத்திரியெல்லாம் பல்லைக் கடித்தேன்.

அதற்கப்புறம் செய்தார்கள் பாருங்கள், அதுதான் கொடுமை. பாதுகாப்பு வாரம் என்று சொல்லி அந்தப் படத்தை வாசலில் மாட்டினார்கள். "உன் நாத்தனார் எடம் காலியாத்தான இருக்கு, நீ உக்காரு" என்று பேக்கிங்கிலிருந்து என்னைத் தூக்கி அவள் மிஷினில் போட்டார்கள். என் முதுகுக்குப் பின்னால் சுவரில் அவள் கூண்டு தொங்கியது. அதற்கும் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

பொடிசு வீட்டுக்கு வந்தாள். ஒரு நாள் கடைக்குப் போனபோது எவளோ ஒருத்தி, "கார்டக் கழட்டினது நீதானா? கொஞ்சம் பொறுமையா வேல செஞ்சிருக்கக் கூடாதா?" என்று புத்தி சொல்லியிருக்கிறாள். அன்றோடு இவள் வாசற்படி தாண்டுவதை நிறுத்திவிட்டாள். வீட்டுக்குள்கூடக் கையைத் துணியால் சுற்றியே வைத்திருப்பாள். வாய் ஓயாமல் பேசுகிறவள், கேட்டால் மட்டும் பதில் சொன்னாள். என்னோடு சண்டை போடவும் மறந்துவிட்டாள். வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது.

பாதுகாப்பு வாரத்தில் எங்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. சாப்பாட்டு ஹாலில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார்கள். நடத்தியவர் சேஃப்டி சார். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, மிஷின் பக்கம் வந்தாலல்லவா சுருங்கும்! பலகையில் பெரிதாக 'கார்டு' என்று எழுதிவிட்டுத் திரும்பினார்.

"கார்டுன்னா என்ன? யாராவது சொல்லுங்க பாப்போம்."

கேட்டுவிட்டு அவரே தொடர்ந்தார்.

"காக்குறது எல்லாமே கார்டுதான். ரயில்ல கடைசிப் பெட்டியில கொடி காட்டுறாரே, அவர் கார்டு. விளையாடுறவங்க பல்லு உடையாம இருக்க வாயில ஒண்ணு மாட்டுறாங்க, அதுவும் கார்டு. சைக்கிள் சக்கரத்து மேல சேறு தெறிக்காம ஒரு தகடு இருக்கு, அது மட்கார்டு. நம்ம கேட்ல இருக்காரே, அவரும் கார்டு. ஜாக்கிரதையா இருன்னு இங்கிலீஷ்ல சொல்றதுக்கும் அதே வார்த்தைதான். எவ்வளவு நல்ல வார்த்தை பாருங்க! உங்க மேல அக்கறை இருக்கிற வார்த்தை. அதப் போய்க் கழட்டலாமா? கழட்டினா என்ன ஆகும்னு வாசல்லயே பாத்திருப்பீங்க."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. எழுந்தேன்.

"சார், ஒரு சந்தேகம். அது செவுத்துல தொங்கினா, அதுக்கு என்ன பேரு?"

ஹாலில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டாள். சேஃப்டி சாரின் முகத்தில் ஈயாடவில்லை. சூப்பர்வைசர்தான் பின்னாலிருந்து, "உக்காரும்மா, உக்காரு. கேள்வியெல்லாம் கடைசியில" என்றார். கடைசியில் எல்லோருக்கும் ஆளுக்கொரு பேனா கொடுத்து அனுப்பினார்கள். கேள்வி நேரம் வரவேயில்லை.

அன்று சாயங்காலம் நான் அடுப்படியில் இருந்தபோது இவர் வந்தார். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். விசிலைக் கழற்றவில்லை.

"கிளாஸ்ல வாய விட்டியாமே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"சூப்பர்வைசர் கூப்பிட்டுச் சொல்றாரு. 'வாசல கார்டு பண்றது இருக்கட்டும், மொதல்ல உன் பொண்டாட்டி வாய கார்டு பண்ணுய்யா'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? சரி சார்னேன்."

சரி சாராம்! கரண்டியை வைத்தேன். பொடிசின் மேல் பண்ணின சத்தியம் எனக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்தும் கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு இன்ஸ்பெக்டருக்கு வாரக் கட்டிக்கிட்டு நின்னீங்களே, அப்போ பின்வாசல்ல யாரத் தூக்கிட்டுப் போனாங்கன்னு தெரியுமா?"

அவர் என்னைப் பார்த்தார்.

"சாப்பாட்டுக்கு முன்னாலயே..."

"முன்னாலயும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க பெல் அடிச்சீங்க. அவ எந்திரிச்சா. கார்ட மாட்டக் கைய உள்ள விட்டா. மாட்டும்போது போன விரலு அது. கழட்டும்போது இல்ல. ஊர் ஒலகம் பூரா அவளத் திட்டுது, நீங்க அந்தப் படத்துக்குக் கீழ உக்காந்து சல்யூட் அடிக்கிறீங்க!"

"அண்ணி!" என்று உள்ளேயிருந்து பொடிசு ஓடிவந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு எல்லாம் புரிந்துபோனது. நான் சொன்னதைவிட அந்த முகம்தான் சொன்னது.

"பெல் அடிச்ச அப்புறமா பொடிசு?" என்று கேட்டார்.

"ஆமாண்ணா. உன் தப்பு இல்ல."

"நீ ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சாப்பிட மாட்டே."

அவர் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அவள் சொன்னது போலவே அன்று சாப்பிடவில்லை. சொல்லியிருக்கக் கூடாதோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்புறம் வாசலில் தொங்குகிற படம் ஞாபகத்துக்கு வந்தது. சொன்னதுதான் சரி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போனார். அடுத்த நாளும் போனார். சல்யூட் அடித்தார். எனக்குச் சீ என்று ஆகிவிட்டது. இந்த மனுஷனிடம் போய் நெஞ்சைப் பிளந்து காட்டினோமே, கல்லோடு பேசியிருக்கலாம் என்று நினைத்தேன்.

அந்த வாரமே அது நடந்தது. காலை டீ இன்னும் வரவில்லை. எல்லா மிஷினும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன, எல்லாக் கூண்டும் சுவரில். பெல் அடிக்கவில்லை. கதவு திறந்தது. முன்னால் என் வீட்டுக்காரர், பின்னால் அதே இன்ஸ்பெக்டர். அவர் தலையில் ஹெல்மெட் இருந்தது, வார் கட்டாமல் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தது.

சூப்பர்வைசர் பேயறைந்த மாதிரி நின்றார். பிறகு, இத்தனை வருஷப் பழக்கம், யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் கத்தினார்.

"யோவ் கார்டு! ஏன்யா பெல் அடிக்கல?"

பக்கத்து மிஷின்களில் கைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

"எந்த பெல்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"அது... சாப்பாட்டு பெல் சார்."

"இந்த நேரத்துக்கா?"

சூப்பர்வைசர் பேந்தப் பேந்த விழித்தார். என் வீட்டுக்காரர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். சல்யூட் அடிக்கவில்லை.

"சார், வாசல்ல ஒரு படம் பாத்தீங்களே, அது என் தங்கச்சி. இதுதான் அவ மிஷின். இங்கயே நில்லுங்க. எந்த பெல்லுன்னு நான் காட்டுறேன்."

சொல்லிவிட்டு வெளியே போனார். "டேய், நில்லுடா!" என்று சூப்பர்வைசர் பின்னால் ஓடினார். இன்ஸ்பெக்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். நான் மறுபடி வேலையைத் தொடங்கினேன். மற்றவர்களும் தொடங்கினார்கள். வேறு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை.

பெல் அடித்தது. இரண்டு தடவை.

எல்லோரும் எழுந்தார்கள். இன்ஸ்பெக்டர் நடுவில்தான் நிற்கிறார், இனி யாரிடம் எதை மறைப்பது? இருந்தும் எழுந்தார்கள். எல்லாம் தெரிந்த நானும் எழுந்தேன், பின்னால் திரும்பினேன், கொக்கியிலிருந்து கூண்டை எடுத்தேன். என்ன செய்கிறேன் என்று எனக்கு உறைத்தபோது கூண்டு என் இடது கையில் இருந்தது. அவ்வளவு நன்றாகப் பழக்கி வைத்திருந்தார்கள் எங்களை. என் எதிர் மிஷின்காரி அதற்குள் கூண்டைத் தாங்கிக்கொண்டு, வலது கையை அச்சுக்கு அடியில் விட்டு, கொக்கியைத் தேடித் துழாவிக்கொண்டிருந்தாள். அவள் கால் பெடல் மேல் இருந்தது.

"காலை எடும்மா!" என்று இன்ஸ்பெக்டர் அலறினார். "காலை எடு! காலை எடு!"

அவள் திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தாள். கூண்டு தரையில் விழுந்து உருண்டது. கை வெளியே வந்துவிட்டது. முழுக் கையும்.

ஒவ்வொரு மிஷினாக நிறுத்தினார்கள். அவ்வளவு அமைதியாக அந்த இடத்தை நான் பார்த்ததே இல்லை. இன்ஸ்பெக்டர் ஹெல்மெட்டைக் கழற்றினார். அவர் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

"அந்தப் பொண்ணுக்கும்... இப்படித்தானா?"

"இப்படித்தான்" என்றேன். "அன்னைக்கு நீங்க கேட்ல வாரக் கட்டிக்கிட்டு நின்னீங்க."

அவர் குனிந்து, தரையில் உருண்டு கிடந்த கூண்டை எடுத்தார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்ஸ்பெக்டர் அங்கேயே நின்று ஆர்டர் போட்டார். கூண்டுகளைக் கழற்ற முடியாதபடி போல்ட் போட்டு முறுக்கினார்கள். பெல்லின் ஒயரைப் பிடுங்கி எடுத்தார்கள். டார்கெட்டைக் குறைக்கச் சொல்லி நாங்கள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். சூப்பர்வைசர் அப்படியே இருக்கிறார், இப்போது எங்களைப் பார்த்தால் "என்னம்மா, எல்லாம் பாதுகாப்பா இருக்கீங்களா?" என்று கேட்கிறார். என் வீட்டுக்காரரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காரணம், கடமை தவறினாராம். இத்தனை வருஷத்தில் அவர் கார்டு வேலையை ஒழுங்காகப் பார்த்தது அந்த ஒரு நாள்தான், அதற்குத்தான் வேலை போனது. இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனால் போகும்போது சும்மா போகவில்லை அவர். நாற்காலி மேல் ஏறி, அந்தப் படத்தைச் சட்டத்தோடு கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தெரு வழியாக நடந்தே வீட்டுக்குக் கொண்டுவந்தார். தங்கை முன்னால் வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றார். பொடிசு படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தலகூட வாரல அன்னைக்கு" என்றாள். "இதையா ஊருக்கே காட்டினாங்க?"

அவள் அப்படிப் பேசி எவ்வளவு நாளாயிற்று! நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் நான் செருப்பைப் போட்டபோது பக்கத்தில் வந்து அவளும் செருப்பைப் போட்டாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. தெருவில் நாலு பேர் பார்த்தார்கள். அவள் கையில் துணி சுற்றியிருக்கவில்லை. கம்பெனி வாசலில் புது கார்டு உட்கார்ந்திருந்தார், அதே நீலச் சட்டை, அதே தொப்பி. அவர் தலைக்கு மேல் சுவரில் வெறும் ஆணி. பொடிசு நேரே அவர் முன்னால் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"யாரும்மா? என்ன வேணும்?"

அவள் வலது கையை நீட்டி ஆணியைக் காட்டினாள். அவர் ஆணியைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்.

"அங்க என் படம் இருந்துச்சு" என்றாள். "திருப்பி மாட்டியிருக்காங்களான்னு பாக்க வந்தேன். நாளைக்கும் வருவேன்."